செம்பூரில் நான் வளர்த்த அகத்தி

அகத்திக்கீரையை மாசத்தில் இரண்டே நாள்தான் சமைப்பார்கள் என்பது எனக்கு இருபத்துநாலு வயதுவரை தெரியாது. மாட்டுங்காவில் எங்கள் தெருவில் பாவாடை கட்டிய குழந்தைக்குக்கூட அது தெரியும். அக்கா வீட்டில்தான் அப்போது எனக்குச் சாப்பாடு. அத்திம்பேர் ஏகாதசி தவறாமல் பட்டினி கிடப்பவர். மறுநாள் துவாதசி அன்று விடிந்ததும் விடியாததுமாக அகத்திக்கீரையோடு பாரணை பண்ணி விரதத்தை முடிப்பார். பக்கத்து இலையில் உட்கார்ந்து அதே கீரையை மூன்று வருஷம் விழுங்கியவன் நான். ஆனால் சாப்பிடும்போது இலையைப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. பத்திரிகையைத்தான் பார்ப்பேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பர்மாவையும் பாகற்காயையும் சேர்த்தே மென்றுகொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில் எனக்கு என்ன உத்தியோகம் என்று கேளுங்கள். விவசாயிகளிடம் போய் எதைப் பயிரிடலாம், எதைச் சாப்பிடலாம் என்று சொல்லிக் கொடுக்கிற உத்தியோகம்.

ரேஷன் வந்து, எல்லாரும் அரிசிக்கு வரிசையில் நின்ற நேரம் அது. உணவை அதிகமாக விளைவிக்க வேண்டும், விளைவிப்பவர்களும் சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றி ஒரு புது ஆபீஸ் திறந்தார்கள். அதில் நான் குமாஸ்தா. செம்பூரை ஒட்டி ஆறு குடும்பங்கள் குத்தகைக்கு நிலம் பிடித்துக் கீரை போடுகிறார்கள், எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், நம் ஆபீஸ் மராத்திக்காரர்கள் போய்ப் பேசினால் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் இஷ்டப்படியே செய்கிறார்கள் என்று ஒரு ரிப்போர்ட் வந்தது. ஆபீசில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். போதாக்குறைக்கு, மாமிசம் சாப்பிடாதவனுக்குக் காய்கறி பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று என் மேலதிகாரிக்கு ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

குர்லாவில் இறங்கி, செம்பூர் போகிற குட்டி ரயிலுக்கு மாற வேண்டும். அந்த ரயிலுக்கு அவசரம் என்பதே கிடையாது. ஜன்னலில் உப்புக் காற்று வரும், பிறகு சேற்று வாசனை வரும், கடைசியில் பச்சை வாசனை வரும். மூன்றாவது வாசனை வந்ததும் இறங்கிவிடுவேன், ஸ்டேஷன் பெயரைப் பார்க்க வேண்டியதில்லை. இன்றைக்கு அங்கே கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தால் பெட்ரோல் வாசனையில் இருமல்தான் வருகிறது.

ஸ்டேஷனிலிருந்து கால் மணி நடை. ஒரு கிணறு, அதைச் சுற்றி ஆறு பேரின் பாத்திகள், ஓரத்தில் குடிசைகள். முதல் நாள் என் கையில் சுருட்டிய படம் ஒன்று. பால், முட்டை, பழம், கீரை, பருப்பு எல்லாம் வர்ணத்தில் போட்ட படம். அதை வேலியில் மாட்டிவிட்டு ஒரு பிரசங்கம் செய்தேன். ஐந்து குடும்பத்துக்காரர்களும் மரியாதையாகக் கேட்டுவிட்டு நழுவினார்கள். ஆறாவது பாத்திக்காரி மட்டும் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். இரண்டு குழந்தைகள். நிலம் முழுக்க அவள் பாடுதான். அரைக்கீரையும் முளைக்கீரையும் வெந்தயக்கீரையும் போட்டு, தினமும் முதல் ரயிலில் கூடையோடு மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய், விற்ற காசில் அரிசியோ சோளமோ வாங்கிக்கொண்டு திரும்புவாள்.

படத்தில் கீரையைத் தொட்டுக் காட்டி, “இதைத் தினம் சாப்பிடணும்மா, உடம்புக்கு ரொம்ப நல்லது” என்றேன். கீரைப் பாத்திக்கு நடுவில் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

அவள் படத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “நாங்க தின்னுட்டா மாட்டுங்கால என்னத்த சாமி விக்க?”

பதில் என் படத்தில் இல்லை. விசாரித்ததில், அந்த ஆறு வீட்டிலும் கீரை என்பது விற்கிற சாமான், தின்கிற சாமான் இல்லை என்று தெரிந்தது. சோளக்கூழும் கருவாட்டுத் துவையலும்தான் அவர்கள் சாப்பாடு. பொழுது சாயும்போது இன்னொன்றையும் பார்த்தேன். அவள் மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் சுமந்து வந்து, பாத்தியின் வரப்பைக் காலால் தடவித் தடவி ஊற்றினாள். கேட்டதற்கு, இருட்டினால் கண்ணில் சாம்பல் பூத்தமாதிரி இருக்கிறது, சின்னவன் வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்தது, அப்படியே தங்கிவிட்டது என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள். மாலைக்கண். என் படத்தின் பின்பக்கம் அதைப் பற்றி ஒரு பத்தியே அச்சடித்திருந்தது. கீரை சாப்பிடாததால் வருவது என்று அவளுக்கு வாசித்தும் காட்டினேன். வாசித்ததும் எனக்கே வெட்கமாகப் போய், படத்தைச் சுருட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் இதே யோசனை. அவளுக்கு விற்பனையும் குறையக்கூடாது, வீட்டுக்கும் கீரை மிஞ்ச வேண்டும். அப்படி எந்தக் கீரை இருக்கிறது? பத்திரிகையைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியிருக்கையில் ஒருநாள் அக்கா என்னை இருட்டோடு எழுப்பினாள். வழக்கமாக அகத்திக்கீரை கொண்டுவந்து தருகிறவன் வரவில்லையாம். பின் தெருவில் ரிட்டையரான ஒருவர் வீட்டு அகத்தி மரத்திலிருந்து நாலு கொத்து வாங்கி வரச் சொன்னாள். போனேன். அங்கே கண்ட காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை. மரத்தடியில் முப்பது பேர். வேஷ்டியை மடித்துக் கட்டிய ஹெட்கிளார்க்குகள், ஈரத்தலையோடு மாமிகள், பாத்திரத்தோடு பையன்கள். மரத்துக்காரர் ஸ்டூல்மேல் நின்று ஆளுக்கு ஒரு பிடி என்று கிள்ளிப் போடுகிறார். ஒரு பாங்க் ஆபீசரும் ஒரு ஹைஸ்கூல் வாத்தியாரும் ஒரே கொத்தின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் வாதாடுகிறார்கள். எனக்குக் கிடைத்தது காம்பு அதிகம், இலை கொஞ்சம்.

வரும் வழியிலேயே எனக்குள் விளக்கு எரிந்தது. மாட்டுங்கா முழுக்க இந்தக் கீரைக்கு அடித்துக்கொள்கிறது, மரமோ ஒன்றே ஒன்று. செம்பூரில் இதைப் போட்டால்? மரமாக வளர்வதால் தினம் விதைக்க வேண்டாம், தண்ணீர் குறைவு, கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், வீட்டுக்கும் மிஞ்சும். ஏன் அன்றைக்கு மட்டும் அத்தனை கூட்டம் என்று ஒரு வார்த்தை அக்காவைக் கேட்டிருக்கலாம். மேதைகள் சமையலறையில் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

மரத்துக்காரர் வீட்டுச் சுவரோரம் காய்ந்து விழுந்த காய்களைப் பொறுக்கி, விதையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு செம்பூர் போனேன். மழைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

விதையைப் பார்த்ததுமே அவள் சிரித்துவிட்டாள். “இது அகத்தில்லா. ஊர்ல ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுவோம். வெத்தலைக் கொடி படர விடுவோம். இதைப்போய் தினம் யாரு சாமி வாங்குவா?”

“எங்க மனுஷா என்ன சாப்பிடுவான்னு எனக்குத் தெரியாதாம்மா?” என்றேன். இந்த வாக்கியத்தை நான் எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. மரத்தடியில் நடந்ததை விவரித்தேன். பாங்க் ஆபீசரை நடித்தே காட்டினேன். அவள் யோசித்தாள். மாட்டுங்காக்காரர்கள் பேச்சுப் பேசுகிறவன், சர்க்கார் ஆபீஸ் வேறு, கையில் நோட்டுப் புத்தகம் வேறு. நம்பாமல் என்ன செய்வாள்? பாதி நிலத்துக்கு ஒப்புக்கொண்டாள்.

பாதி என்றால் என்ன என்று அவள் எனக்குச் சொன்னாள். அந்தப் பாதியில் வருகிற அரைக்கீரைதான் தினம் உலையில் விழுகிற அரிசி. மிச்சப் பாதி குத்தகைக்கே சரியாகப் போய்விடும். மழைக்காலம் முடிந்து அகத்தி கிள்ளுகிற பருவம் வரும்வரை புருஷன் கொண்டுவருவதை வைத்து ஒப்பேற்றிவிடலாம். அதற்குமேல் முடியாது. கீரை விற்காவிட்டால் நிலத்தை விட்டுவிட்டுத் தாராவிக்கே போய் மற்றப் பெண்களோடு தோலில் உப்புத் தடவ வேண்டியதுதான். “அந்த நாத்தம் நமக்கு ஒத்துக்கிடாது சாமி, அதனாலதான் இங்கன வந்து கெடக்கேன்” என்றாள். நான் தைரியம் சொன்னேன். மற்ற ஐந்து குடும்பங்களுக்கும் தைரியம் சொன்னேன். அவர்கள் முதலில் அவளுக்கு எப்படி வருகிறதென்று பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். புத்திசாலிகள்.

அந்த மழையில் அகத்தி வளர்ந்த வேகம்! ஒவ்வொரு தடவை போகும்போதும் என் இடுப்பு, என் தோள், என் தலை என்று ஏறிக்கொண்டே போனது. குடையைப் பிடித்துக்கொண்டு, சகதியில் ஒரு செருப்பை விட்டுவிட்டு, அந்தப் பச்சை வரிசைகளுக்கு நடுவில் நான் பிள்ளை பெற்றவன் மாதிரி நிற்பேன். அவள் வரக்காப்பி போட்டுத் தருவாள். வெல்லம் போட்ட அந்தக் காப்பியின் ருசி எந்தக் கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மாசங்கள் அவைதான் என்று நினைக்கிறேன். தவறு இன்னும் வெளியே வராத மாசங்கள்.

மழை விட்டது. முதல் அறுவடையன்று மார்க்கெட்டுக்கு நானும் போனேன். இரண்டு கூடை, மேலே ஈரத்துணி. கூட்டத்தைச் சமாளிக்க ஆள் வேண்டுமே என்று ஆபீசுக்கு அரை நாள் லீவு வேறு.

ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. பக்கத்துக் கூடையில் வெண்டைக்காய் காலியாயிற்று. ஒன்பது மணிக்கு எனக்குத் தெரிந்த ஒரு மாமி வந்தாள். அகத்தியைப் பார்த்ததும் திடுக்கிட்டுப்போய் விரல்விட்டு எண்ணினாள். “இன்னிக்கு சதுர்த்தின்னா? துவாதசிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கே” என்றாள். எண்ணிப் பார்த்துத் தான் தப்புச் செய்யவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவைக் கேட்டபோதுதான் புரிந்தது. அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். துவாதசி பாரணைக்குத்தான் அகத்தி, மற்ற நாளில் அந்தக் கசப்பை யார் சமைப்பார்கள், மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆகவும் ஆகாது என்றாள். பிறகு உள்ளே போய் அத்திம்பேரிடம் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்புக்கு மேல்மாடிக்காரர்கள் இறங்கி வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

மறுநாள் செம்பூர் ரயில் வழக்கத்தைவிட வேகமாகப் போனமாதிரி இருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் வாடிய கொத்துகளை உதறி உதறி ஒரு பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு நாளைக்கு ஒரு கூடையை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அப்படியே வாங்கவும் செய்தேன். அக்கா வீட்டில் மூன்று நாள் அகத்திப் பொரியல், அகத்திக் கூட்டு, அகத்திக் குழம்பு. நாலாம் நாள் அத்திம்பேர், இந்தப் பையன் இருக்கிறவரை தனக்கு ஏகாதசியே தேவலை என்றார். அடுத்த கூடைக்குக் காசை நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

“ஒங்க காசு எத்தன நாளைக்கு சாமி வரும்? அந்தத் தொவாதசி எப்ப எப்ப வரும், அதைச் சொல்லுங்க.”

அமாவாசைக்குப் பன்னிரண்டாம் நாள், பௌர்ணமிக்குப் பன்னிரண்டாம் நாள் என்றேன். தேதியெல்லாம் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதித் தருவதாகச் சொன்னேன். நிலாவைப் பார்த்துச் சொல்லத் தனக்குத் தெரியும், நாள் முன்னேபின்னே நழுவினால் மட்டும் சொல்லியனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அந்த நிலத்தில் நடந்த எதிலும் என் மூளைக்குப் பங்கு கிடையாது.

ஒன்றுவிட்டு ஒன்றாக மரங்களைப் பிடுங்கினாள். பிடுங்கியது விறகுக்கு ஆயிற்று. நின்ற மரங்களுக்கு நடுவில் வெயில் விழுகிற இடத்திலெல்லாம் மறுபடி அரைக்கீரை விதைத்தாள். அந்த லேசான நிழலில் கீரை வாடாமல் முன்னைவிடத் தளதளவென்று வந்தது. நிலத்துக்காரரான மராத்திக் கிழவரிடம் பேசி ஒரு பெட்டை ஆட்டைப் பங்கு வாரத்துக்குப் பிடித்தாள்; முதல் குட்டி அவருக்கு, பால் இவளுக்கு. விற்காத நாட்களின் அகத்தி ஆட்டுக்குப் போயிற்று. அரைக்கீரை வரும்வரை வீட்டில் வேறு ஒன்றும் இல்லாததால் அவர்கள் வயிற்றுக்கும் அதுதான் போயிற்று. நெத்திலிக் கருவாடும் தேங்காயும் போட்டுக் கசப்புத் தெரியாமல் வதக்கிவிடுவாள். வாசனை மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாசனைக்கு நான் குடிசைக்கு வெளியே நின்ற நேரத்தை ஆபீஸ் டைரியில் ஆய்வு என்று எழுதியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால், முதல் துவாதசி நெருக்கத்தில்தான் உண்மையில் பயந்தேன். விற்காவிட்டால் தாராவிதான். ஏகாதசி ராத்திரி எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டாள். விடியற்காலையில் மார்க்கெட்டுக்கு ஓடினேன். அவள் நாலு கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று காலி. நாலாவதற்கு முன்னால் அந்தப் பாங்க் ஆபீசரும் ஹைஸ்கூல் வாத்தியாரும் ஆளுக்கு ஒரு கட்டோடு சமாதானமாக நின்றிருந்தார்கள். பின் தெரு மரத்துக்காரர் மட்டும் ஒரு மாசம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அந்த ஒரு காலையில் அவள் கொண்டுபோனது பத்து நாள் அரைக்கீரைக்குச் சமம். ஒருமுறை எங்களில் ஒரு சாராருக்கு ஏகாதசி ஒரு நாளும் இன்னொரு சாராருக்கு மறுநாளும் வந்தது. எது சரி என்று தெருவில் பெரிய சர்ச்சை. அவள் இரண்டு நாளும் கூடையோடு வந்தாள். அந்தச் சர்ச்சையால் பிரயோஜனம் அடைந்த ஒரே ஜீவன் அவள்தான்.

குளிர்காலம் முடிகிற சமயம் ஒரு சாயங்காலம், கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டதே என்று நான் எழுந்தேன். விளக்கு வைக்கிற நேரம். அவள் தண்ணீர் டின்னோடு பாத்திக்கு நடுவே போய்க்கொண்டிருந்தாள். சாதாரணமாக, நேராக, வரப்பின் மேலேயே நடந்து போனாள். காலால் தடவவில்லை. நான் அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் அவளே, உங்கள் செருப்பு அங்கே கிடக்கிறது, வேறு யாருடையதையோ மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்றாள். பத்தடி தூரம், அந்த மங்கலில். அன்றைக்கு ரயிலில் எனக்குப் பத்திரிகை படிக்கத் தோன்றவில்லை.

அடுத்த மழைக்கு மற்ற ஐந்து குடும்பங்களும் வரப்போரம் நாலைந்து அகத்தி நட்டார்கள். பாதி நிலத்திலெல்லாம் இல்லை. வீட்டுக்கும் ஆட்டுக்கும் மாசத்தில் இரண்டு நாளைக்கும் எவ்வளவோ அவ்வளவு. அவள்தான் அளவு சொன்னாளாம்.

ஆபீசில் இதைப் பற்றி ஒரு ரிப்போர்ட் எழுதினேன். வீட்டு உணவு, கால்நடைத் தீவனம், பண்டிகைக்கால விற்பனை என்று மூன்று அம்சத் திட்டம் ஒன்று முன்யோசனையோடு நிறைவேற்றப்பட்டதாக அதில் கண்டிருந்தது. யார் முன்யோசனை என்று எழுத மறந்துவிட்டேன். மேலதிகாரி என் தோளைத் தட்டி, அடுத்ததாகச் சோயா மொச்சை விதை ஒரு பொட்டலம் கொடுத்தார். உலகத்திலேயே சத்து மிகுந்த பயறு அதுதான் என்று ஒரு புதுப் படமும் கொடுத்தார்.

மறுநாளே குட்டி ரயிலில் ஏறினேன். அவள் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். படத்தை வேலியில் மாட்டினேன். இறைச்சியில் இருக்கிற சத்தெல்லாம் இதில் இருக்கிறது, மண்ணுக்கும் நல்லது, கால் பங்கு நிலத்தில் மட்டும் போட்டுப் பார்த்தால் போதும் என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் கால் மணி நேரம் பேசினேன். அவள் விதையில் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி மோந்து பார்த்தாள். எப்படி இருக்கும் இது, வேக எவ்வளவு நேரம் ஆகும், மொச்சை ருசியா, தட்டப்பயறு ருசியா என்று கேட்டாள். நான் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதில் போட்டிருக்கவில்லை.

விதையைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டு, மடித்து, என் கையில் வைத்தாள்.

“மொதல்ல ஒங்க வீட்டுல தின்னு பாத்துட்டு வாங்க.”